நன்னியின் கரை

(மூன்றாமாண்டு, இளங்கலை வணிகவியல்)

'பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?' என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. மணமே ஆளைக் கூட்டி வந்துவிடும் என்பது பொருள். பழமொழியில் பிழை ஒன்றுமில்லை. அதைச் சொன்னவர்கள் கடைக்கு முன்னால் நடந்து போனவர்கள், அவ்வளவுதான். இன்றைக்கு வாங்குகிறவர் கோயம்புத்தூரில் ஒரு மாடி வீட்டில் இருக்கின்றார். விற்கிறவர் பத்தமடையில் ஒரு தறியின் முன் குந்தியிருக்கின்றார். இருவருக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு கைபேசித் திரை. பூவின் மணம் அந்தத் திரையைத் தாண்டுமா? பாயின் வழுவழுப்பு தாண்டுமா? தாண்டிப் போகக்கூடியவை ஒரு பெயர், ஒரு படம், நாலு சொல், இவ்வளவே. இவை ஒன்றுக்கொன்று ஒத்துப் பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதை வணிகவியல் பாடநூலைத் திறப்பதற்கு முன்பே எனக்கு ஒரு கலியாணப் பாய் கற்பித்துவிட்டது. எங்கள் வீட்டுப் பரணில் இன்றும் சுருட்டியபடி கிடக்கும் அந்தப் பாயின் கதையைத்தான் இங்கே எழுதப் போகின்றேன்.

ஊரும் பாயும்

நெல்லையிலிருந்து முன்னீர்பள்ளம், மேலச்செவல் வழியாகச் சேரன்மகாதேவிக்குப் போகும் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் ஊர் வந்துவிடும். சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்த ஊர் இது. பொருநையாற்றிலிருந்து பிரிந்து வரும் கன்னடியன் கால்வாய் எங்கள் பக்கத்து வயல்களை நனைக்கின்றது. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளரும் கோரையை மற்றவர்கள் களை என்பார்கள். எங்களுக்கு அதுவே சோறு.

கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, உள்ளே இருக்கும் சோற்றை நீக்கி, வெயிலில் காயப் போட வேண்டும். நயம் பாய்க்கானால் வேலை இன்னும் உண்டு. காய்ந்த கோரையைக் கட்டாகக் கட்டி ஓடுகின்ற தண்ணீரில் சில நாள் ஊறப் போடுவார்கள். ஊறிப் பருத்ததை மறுபடி காயவைத்து, நூல் போலக் கீறி, சாயம் ஏற்ற வேண்டும். பிறகே தறி. பாவுக்குப் பருத்தி நூல், ஊடைக்குக் கோரை. இவ்வாறு நெய்த நயம் பாய் துணியைப் போல மடியும். 'பட்டுப் பாய்' என்று அதற்குப் பெயரே உண்டு. எலிசபெத் அரசியாரின் 1953-ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் போயிற்று என்ற பேச்சு எங்கள் தெருவில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் காதில் விழும்.

எங்கள் வீட்டில் தறிக்கு உடைமைக்காரர் என் உம்மாவின் உம்மா. நாங்கள் 'நன்னி' என்போம். நன்னிக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகின்றது. எழுதப் படிக்கத் தெரியாது, வங்கியில் கைரேகைதான். ஆனாலும் அவர் கையொப்பம் இடாத பாய் ஒன்றுகூட இல்லை என்பேன். பாயின் தலைமாட்டில் இரண்டு சிவப்புக் கோடு, நடுவில் மெல்லிய ஒரு பச்சைக் கோடு. கால்மாட்டிலும் அதே போல. இதை நாங்கள் 'கரை' என்கிறோம். கலியாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவர் போடுகின்ற கரை அது ஒன்றுதான். சிவப்பின் அகலம் மாறியதில்லை. பச்சை ஒரு கோரை கூடியதில்லை.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. நெசவைத் தொடங்கும்போதே தலைக் கரையைப் போட்டுவிட வேண்டும். இடையில் பாவு அறுந்து முடிச்சு விழுந்தாலோ, சாயம் ஓரிடத்தில் திட்டாகத் தெரிந்தாலோ, நன்னி கால் கரையைப் போடமாட்டார். வெறுமனே முடித்துவிடுவார். அது 'ஒற்றைக் கரைப் பாய்'. விலை குறைத்துத்தான் கொடுப்பார். அந்தக் காலத்தில் வீடு தேடி வரும் வியாபாரி பாயை விரித்துக்கூடப் பார்க்கமாட்டாராம். இரண்டு முனையையும் புரட்டிப் பார்ப்பார். இரண்டிலும் கரை இருந்தால் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

பேராசிரியர்கள் வகுப்பில் 'வணிக அடையாளம்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த வியாபாரியின் கைதான் நினைவுக்கு வருகின்றது.

ஒரு தறி, நாலு பெயர்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வியாபாரிகள் வரவு நின்றது. நெய்த பாய்கள் சுவரோரம் ஏறிக்கொண்டே போயின. அந்த ஆண்டுதான் எனக்குப் பாடம் படிப்பதற்கென்று கைபேசி ஒன்று வாங்கினார்கள். உம்மாவின் வளையல் அதற்காக அடகுக்குப் போயிற்று. பாடம் முடிந்த நேரங்களில் அதைக் கொண்டு பாய் விற்கலாமே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது நல்ல எண்ணம்தான். செய்த விதத்தில்தான் கோளாறு.

இன்ஸ்டாகிராமில் நான் ஒரு பக்கம் தொடங்கினேன். பெரிய ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்து, 'ஹெரிடேஜ்' என்ற சொல்லை நடுவில் போட்டு, ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்தேன். நன்னியால் அதை உச்சரிக்கவே முடியாது. அண்ணன் வாட்ஸ்அப்பில் தன் பெயரையே கடைப்பெயராக்கி, படத்துக்குத் தனக்குப் பிடித்த நடிகரை வைத்துக்கொண்டான். மாமா கூகுள் வரைபடத்தில் எங்கள் பாட்டனார் பெயரில் 'பாய்க் கடை' என்று பதிந்தார். பணம் பெறும் யூ.பி.ஐ. கணக்கோ உம்மாவின் பெயரில். ஆக, தறி ஒன்று, வீடு ஒன்று, பெயர் மட்டும் நாலு!

சின்னமும் அப்படியே. ஒரு மாதம் மயில் வைப்பேன்; அலுத்துப் போனால் தாமரை. வளையல் மாற்றுவது போல மாற்றினேன். பேச்சும் அப்படியே. நான் புத்தகத் தமிழில் பதில் எழுதுவேன். அண்ணன் 'ஹாய் மேடம்' என்பான். மாமா இரண்டு நிமிடம் பேசிக் குரலை அனுப்புவார். ஒரே பாய்க்கு நான் ஒரு விலை சொல்லியிருப்பேன். மாமா தொலைபேசியில் வேறொரு விலை சொல்லியிருப்பார். வாங்க வருகிறவர் எங்கள் வீட்டு வாசலில் நாலு பேர் நாலு திசையில் கூப்பிடுவதைப் போலத்தான் உணர்ந்திருப்பார்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பிழை ஒன்றை நான் செய்தேன். குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படங்களில் பாயின் நிறம் சோகை பிடித்தது போல் வெளுத்துத் தெரிந்தது. கைபேசியில் ஒரு கோட்டை விரலால் நகர்த்தினால் சிவப்பு கூடும். நகர்த்தினேன். நன்னியின் சிவப்பு மருதாணி பற்றிய விரலின் சிவப்பு; அடங்கிய நிறம். என் படத்தில் அது குங்குமமாகப் பளபளத்தது. விருப்பக் குறிகள் குவிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பி வந்த பாய்

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, 2023 நவம்பர் மாதக் கடைசியில், கோவையிலிருந்து ஒரு குடும்பம் கலியாணப் பாய் கேட்டது. தை மாதம் திருமணம். மணமகன், மணமகள் பெயர்களை நடுவில் நெய்து தர வேண்டும். எங்கள் ஊர்ப் பாய்க்கு இது பழைய வழக்கம். எந்தச் சமயத்தார் வீட்டுக் கலியாணம் என்றாலும் கேட்பார்கள். பாதிப் பணம் முன்னதாக வந்தது. அன்றைக்கே அந்த வீட்டம்மா, "கடைப் பெயர் ஒன்று, பணம் போகிற இடத்தில் வேறு ஒரு பெண் பெயர் வருகிறதே?" என்று கேட்டார்கள். "அது எங்கள் உம்மாதான்" என்று எழுதிவிட்டு மறந்துவிட்டேன்.

பெயர்களைக் கட்டம் போட்ட தாளில் நான் எழுதிக் கொடுத்தேன். நன்னிக்கு எழுத்து தெரியாது என்றேனே. அவருக்கு அது கோலம். எத்தனை நூல் தள்ளி, எத்தனை கோரை நிறம் மாற்ற வேண்டும் என்று எண்ணி எண்ணி நெய்வார். உம்மா கோரையைக் குச்சியில் கொடுக்க, நன்னி அச்சை இழுத்து அடிப்பார். டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையும் தூத்துக்குடியும் கண்ட பெருமழையை யாரும் மறந்திருக்கமாட்டோம். பொருநை கரைகடந்து ஓடிய அந்த நாட்களில் எங்கள் ஓட்டு வீட்டிலும் மூன்று இடத்தில் ஒழுகியது. ஒழுகும் இடங்களில் அண்டாவையும் குடத்தையும் வைத்துவிட்டு, தறியின் மேல் தார்ப்பாயைக் கட்டிவிட்டு, நன்னி இரவெல்லாம் தறிக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தார். "கலியாணப் பாயி, நனையக் கூடாது" என்பதே பேச்சு. மழை நின்றதும் மறுபடி உட்கார்ந்தார். மழை நாள் நீங்கலாகப் பதினெட்டு நாள் வேலை. இரண்டு முனையிலும் கரை விழுந்த பாய் அது.

பாய் போய்ச் சேர்ந்த அன்று மாலை செய்தி வந்தது. 'படத்தில் பார்த்த சிவப்பு இது இல்லை. பார்சலின் மேல் ஒரு ஆண் பெயர் இருக்கிறது. நாங்கள் கேட்டது வேறு கடையில். உங்கள் கடை எது என்றே எங்களுக்குப் புரியவில்லை. தயவுசெய்து பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்.' பார்சலில் அண்ணன் தன் பெயரை எழுதி அனுப்பியிருந்தான். அவர்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நாங்கள் பணத்தை அனுப்பினோம். பாய் திரும்பி வந்தது.

தோழியரே, சேலை திரும்பி வந்தால் வேறொருவருக்கு விற்கலாம். குடம் திரும்பி வந்தால் விற்கலாம். முன்பின் அறியாத இருவரின் பெயரைத் தாங்கிய பாயை யார் வாங்குவார்?

நன்னி பாயை முற்றத்தில் விரித்தார். முதலில் அவர் கேட்டது இது: "ஏட்டி, பேரு ஏதும் தப்பா விழுந்துட்டா?" எழுத்து தெரியாத அவருக்கு அந்த அச்சம்தான் முதலில் வந்திருக்கின்றது. "இல்ல நன்னி, பேரு சரியாத்தான் இருக்கு" என்றேன். "பெறவு என்ன?" என்றார். கைபேசியைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக் கொண்டு படத்தைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது யாரு பாயிட்டி?"

"ஒங்க பாயிதான் நன்னி."

"என் செவப்பு இது இல்லியே."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாயைச் சுருட்டிப் பரணில் ஏற்றச் சொன்னார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் செய்தது என்ன? ஐம்பது ஆண்டுக்கும் மேலாக ஒரே கரையைப் போட்டுவந்த கைக்கு, இல்லாத ஒரு நிறத்தை என் விரல் ஒரு நொடியில் போட்டுவிட்டது. கோவைக்காரர்கள் எங்களை நம்பவில்லை என்று நான் எப்படிக் குறை சொல்வேன்?

வகுப்பறையில் கிடைத்த வெளிச்சம்

அடுத்த பருவத்தில் எங்கள் பேராசிரியை ஒருவர் சந்தையியல் பாடத்தில் 'பிராண்டு' என்ற சொல்லின் பிறப்பைச் சொன்னார். ஆங்கிலத்தில் அதற்குச் சூட்டுக்குறி என்று பொருளாம். மந்தையில் யாருடைய மாடு என்று தெரிவதற்காகக் காய்ச்சிய இரும்பால் போடும் சூடு. நம் நாட்டிலும் மாட்டுக்குச் சூட்டுக்குறி போடும் வழக்கம் இருந்ததுதானே? குறி எதற்கு? மாட்டை அழகுபடுத்தவா? காணாமற் போனால் கண்டுபிடிக்க. பயிரை மேய்ந்துவிட்டால் உடையவனைக் கேட்க. நல்லதற்கும் கெட்டதற்கும் இன்னார் பொறுப்பு என்று சொல்வதே குறி. இங்கிலாந்தில் 1876-ஆம் ஆண்டு முதல் நாளில், முதலாவதாகப் பதிவான வணிகக்குறி, பாஸ் என்ற பீர் நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம் என்றும் சொன்னார். ஒரு முக்கோணம், ஒரு நிறம். நன்னியின் மூன்று கோட்டை விட எளியது!

நம் ஊருக்கே வருவோம். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழரத வீதியில் இருக்கும் இருட்டுக்கடையை அறியாதார் யார்? மங்கலான விளக்கு, மாலை நேர வியாபாரம், கோதுமைப் பாலின் அல்வா. ஊரெல்லாம் ஒளி வெள்ளம் பாய்ந்த பிறகும் அந்தக் கடை தன் மங்கலை மாற்றிக்கொள்ளவில்லை. 'இருட்டுக்கடை' என்பது மக்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்த பெயர். அவர்கள் அல்லும் பகலும் சின்னத்தை மாற்றிக்கொண்டிருந்தால் அப்படி ஒரு பெயர் நிலைத்திருக்குமா? 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கூட்டுறவுச் சங்கத்தின் வண்ணத்துப்பூச்சியைப் பாருங்கள். படிக்கத் தெரியாதவரும் அதைக் கண்டால் கைத்தறித் துணி என்பார். அடையாளம் என்பது ஒரு நாளில் வரைவதன்று. பல நாள் மாறாமல் இருப்பதால் விளைவது.

சட்டத்தையும் கற்றுக்கொண்டேன். 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம், அதே ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம், இரண்டும் 2003 செப்டம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தவை. முன்னது ஒருவர் தம் பொருளுக்கு வைக்கும் குறியைக் காப்பது. பத்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளலாம். பின்னது ஒரு வட்டாரத்தின் பொருளுக்கு அந்த வட்டாரப் பெயரைக் காப்பது. எங்கள் பத்தமடைப் பாய் 2012-13-இல் புவிசார் குறியீட்டைப் பெற்றது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இலும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-இலும், உடன்குடிக் கருப்பட்டி 2023-இலும் அந்த வரிசையில் சேர்ந்தன.

இங்கேதான் என் மனத்தில் ஒரு தெளிவு பிறந்தது. 'பத்தமடை' என்பது ஊருக்குச் சொந்தமான பெயர். எங்கள் தெருவில் உள்ள ஒவ்வொரு தறிக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பெயரைக் கெடுக்க எனக்கு உரிமை இல்லை. பொய்ச் சிவப்பைக் காட்டியபோது நான் எங்கள் வீட்டை மட்டுமா கெடுத்தேன்? கோவையில் அந்த வீட்டார் இனிப் 'பத்தமடைப் பாயே இப்படித்தான்' என்று சொல்லியிருப்பார்களே! பக்கத்து வீட்டுத் தறிக்கும் அல்லவா அந்தப் பழி போகும்?

சுவரில் ஒட்டிய தாள்

அந்த விடுமுறையில் வீட்டார் அனைவரையும் உட்கார வைத்துப் பேசினேன். மாமா முதலில் சிரித்தார். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். உம்மாதான், "அவ சொல்லுதத கேளுங்க" என்றார். கடைசியில் ஒரு தாளில் எழுதித் தறிக்கு மேலே சுவரில் ஒட்டினோம். இன்றும் அது அங்கே இருக்கின்றது.

முதலாவது, பெயர் ஒன்று. என் 'ஹெரிடேஜ்' போயிற்று. பாட்டனார் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்த பழைய பெயரே நின்றது. நன்னி வாயில் நுழைகின்ற பெயர்! அதை இங்கே எழுதினால் விளம்பரமாகிவிடும். மலர்க் குழுவினர் அடித்துவிடுவார்கள். எல்லாப் பக்கங்களிலும், பார்சல் சீட்டிலும், பில்லிலும் அதே பெயர், அதே எழுத்துக்கூட்டல். 'பத்தமடை' என்பதை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதிவந்தோம். தேடுகிறவருக்கு மூன்று ஊராகத் தெரிந்திருக்கும். அதையும் ஒன்றாக்கினோம். உத்யம் பதிவு இலவசம் என்பதால் அதை முடித்து, அந்தச் சான்றைக் காட்டிக் கடையின் பெயரிலேயே வங்கிக் கணக்குத் திறந்தோம். பணம் அனுப்புகிறவரின் திரையில் இப்போது கடைப் பெயரே வரும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு 'இது யார்?' என்று எவரும் கேட்டதில்லை.

இரண்டாவது, சின்னம் ஒன்று. மயிலும் தாமரையும் பறந்தன, உதிர்ந்தன. இரண்டு சிவப்பு, ஒரு பச்சை. நன்னியின் கரையே சின்னம்.

மூன்றாவது, படம். காலை எட்டு மணிக்கு முற்றத்து வெளிச்சத்தில், ஒரே இடத்தில் எடுக்க வேண்டும். நெசவின் நெருக்கம் தெரிவதற்காக ஒரு ரூபாய்க் காசு ஒன்றைப் பக்கத்தில் வைக்க வேண்டும். நிறக்கோட்டை யாரும் தொடக்கூடாது. கலியாணப் பாய் கேட்பவருக்குச் சாயம் ஏற்றிய கோரைத் துண்டுகளை உறையில் வைத்து முன்னதாகவே அஞ்சலில் அனுப்ப வேண்டும். அவர் பார்த்து, சரி என்ற பிறகுதான் பெயர் தறியில் ஏறும்.

நான்காவது, பேச்சு. விலை ஒன்று, அது எழுதி வைத்த விலை. பதில் எழுதுகிறவர் யாராயினும் எளிய தமிழில், மரியாதையாக, உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். மழை என்றால் மழை. தாமதம் என்றால் தாமதம். ஒற்றைக் கரைப் பாய் என்றால் ஒற்றைக் கரைப் பாய் என்றே சொல்லி, குறையைப் படத்தில் காட்டி, குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டும்.

எழுதுவது எளிது. அடுத்த ஆண்டே சோதனை வந்தது. ஒரு பெரிய விழாவுக்கென்று ஐம்பது பாய் கேட்டார்கள். கையால் நெய்து தர நாள் இல்லை. மாமா, "விசைத்தறிப் பாயை வாங்கி நம்ம பேருலயே அனுப்பிருவோம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். வீட்டில் பணத் தேவை இருந்தது. என் தேர்வுக் கட்டணமும் அதில் ஒன்று. விசைத்தறிப் பாய் நெய்கிறவர்களும் உழைத்துப் பிழைப்பவர்கள்தாம். அதை விற்பது பாவமில்லை என்று மாமா சொன்னதிலும் நியாயம் இருந்தது. எல்லாரும் நன்னியைப் பார்த்தோம். நன்னி தறியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"வித்துக்கோ. என் கரையப் போடாம வித்துக்கோ."

விளம்பரவியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்! கேட்டவர்களிடம், 'இது விசைத்தறிப் பாய். எங்கள் நெசவு இல்லை. எங்கள் சின்னம் இதில் வராது' என்று எழுதினோம். அவர்கள் முப்பது பாயை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், இருபதை விட்டுவிட்டார்கள். நட்டம்தான். மாமாவுக்கு அந்த வருத்தம் இன்னும் உண்டு. அந்த இருபதை நினைத்து நானும் சில நாள் வருந்தியதை மறைக்க விரும்பவில்லை.

கரை யாருக்கு?

இப்போது பக்கத்தைப் பார்ப்பவர்கள் தொகை முன்னைவிடக் குறைவு. குங்குமச் சிவப்பு இருந்தபோது குவிந்த விருப்பக் குறிகள் மருதாணிச் சிவப்புக்கு வருவதில்லை. ஆனால் ஒரு முறை வாங்கியவர் இரண்டாம் முறை வருகின்றார். தம் தங்கை கலியாணத்துக்கும் கேட்கின்றார். திரும்பி வந்த பாய் அதற்குப் பின் ஒன்றுகூட இல்லை.

பரணில் கிடக்கும் பாயைப் பற்றி அண்ணன் ஒரு முறை யோசனை சொன்னான்: பெயர் உள்ள நடுப்பகுதியை நீக்கிவிட்டு இரு முனைகளையும் சிறு விரிப்புகளாக்கி விற்கலாம் என்று. நன்னி ஒப்பவில்லை. "ரெண்டு பேரு பேர வெட்டவா?" என்றார். அந்த மணமக்கள் எங்கோ நலமாக இருப்பார்கள். அவர்கள் பெயரைத் தாங்கிய பாய் இங்கே எங்கள் கூரையின் கீழ் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கைபேசியில் படம் எடுக்கும் ஒவ்வொரு காலையிலும் தெரியும்.

நன்னிக்குக் கண்பார்வை மங்கி வருகின்றது. ஒரு கண்ணில் அறுவை முடிந்தது. மற்றதற்கு மருத்துவர் நாள் குறித்திருக்கின்றார். அவரால் இன்னும் எத்தனை பாய் நெய்ய முடியும்? அவர் எழுந்த பிறகு அந்தக் கரையைப் போட யாருக்கு உரிமை? சட்டப்படி அது எங்கள் கடையின் குறி. விண்ணப்பம் போட்டுப் பதிந்துகொள்ளலாம். பாய்க்கு இருபத்தேழாம் வகுப்பு என்றுகூட நான் படித்து வைத்திருக்கின்றேன். ஆனால் பதிவுத் தாள் வந்துவிட்டால் என் கை நன்னியின் கையாகிவிடுமா? அவர் நெய்யாத பாயில் அவர் கரையைப் போட்டு விற்றால், அது நான் முன்பு கூட்டிய சிவப்பைப் போன்ற இன்னொரு பொய் ஆகாதா?

இந்தக் கேள்வியைச் சென்ற கோடை விடுமுறையில் அவரிடமே கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. தறியிலிருந்து நகர்ந்து எனக்கு இடம் விட்டார். உம்மா கோரை கொடுத்தார். தலைக் கரையைப் போடச் சொன்னார், போட்டேன். இருபத்தாறு நாள் ஆயிற்று. நன்னி பதினெட்டு நாளில் முடிப்பதைவிடச் சிறிய பாய் அது. முடிகின்ற இடத்துக்கு வந்ததும், கால் கரைக்குச் சிவப்புக் கோரையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நன்னி வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை நெசவின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டினார். பாதியில் ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே இரண்டு நாள் நான் கைபேசியில் பதில் எழுதிக்கொண்டே அவசரமாக நெய்திருந்தேன். அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"இந்த எடம் தளர்ந்து கெடக்கு" என்றார். சிவப்புக் கோரையை என் கையிலிருந்து வாங்கிக் கட்டில் செருகி வைத்துவிட்டார்.

அந்தப் பாயைக் குறைந்த விலைக்கு விற்றோம். பக்கத்தில் நானே எழுதினேன்: 'ஒற்றைக் கரைப் பாய். நெய்தவர் பழகுநர். நடுவில் ஓரிடத்தில் நெசவு தளர்வு, படத்தில் காண்க.' இரண்டு நாளில் மதுரையில் ஒருவர் வாங்கிக்கொண்டார். உண்மையை எழுதியதற்காகவே வாங்கியதாகச் சொன்னார்.

இந்த விடுமுறையில் இரண்டாவது பாயைத் தறியில் ஏற்றப் போகின்றேன். கைபேசியை உம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவேன்.